குஞ்சப்பனை ஏத்தமும் ஒத்தக் கியர் லீவரும்

போன வருஷம் பலாப்பழ சீசன்ல, கோத்தகிரி ரோட்டுல குஞ்சப்பனை தாண்டி ரெண்டாவது வளைவோ மூணாவது வளைவோ, அங்க நான் சைக்கிளோட அப்படியே ஆற அமர ரோட்டோர வாய்க்கால்ல சாஞ்சேன். விழுந்தேன்னு கூட சொல்ல முடியாது, அவ்வளவு நிதானமா நடந்துச்சு. மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஏறி வந்துட்டு இருக்கேன், முன்னாடி போன பஸ் டக்குனு நிக்குது, ஏன்னா அதுக்கும் முன்னாடி பலா மரத்தடியில யானை நிக்குதுன்னு யாரோ கை காட்டுறாங்க. எனக்கு உடனே கியரக் குறைக்கணும். என் வண்டியில கியர் லீவர் எங்க இருக்கு? முட்டிக்குக் கிட்ட, டவுன் ட்யூப்ல, அதாவது ஹேண்டில் பக்கத்துலேர்ந்து பெடல் பக்கம் சாஞ்சு இறங்குற குழாய்ல. வலது கைய ஹேண்டில்லேர்ந்து எடுத்து, குனிஞ்சு, லீவரத் தேடிப் புடிச்சு இழுக்குறதுக்குள்ள வண்டி நின்னே போச்சு, ரெண்டு காலும் பெடல்ல பாதத்தப் புடிச்சு வெக்கிற டோ கிளிப்புக்குள்ள, ஒத்தக் கையில ஹேண்டில், அப்புறம் என்ன, வாய்க்கால்தான். பஸ்ஸுல எல்லாரும் யானையப் பாத்துட்டு இருந்தாங்க, கடைசி சீட்டு பாட்டி மட்டும் என்னையவே பாத்துட்டு இருந்துச்சு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து முழங்கைக்கு மருந்து போட்டுக்கிட்டே முடிவு பண்ணதுதான், கியர் லீவர ஹேண்டில் பாருக்குக் கொண்டு போயிரணும்னு. முடிவு பண்ண ஒரு நிமிஷம்தான் ஆச்சு, எந்த லீவர்னு முடிவு பண்ண எட்டு மாசம் ஆச்சு. அந்தக் கதையத்தான் எழுதுறேன், பழைய ரோடு பைக் வெச்சிருக்குற யாருக்காவது ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சமாகட்டும்.

மொதல்ல வண்டியப் பத்தி. என் தாய்மாமா வீட்டுப் பரண்ல இருபது வருஷத்துக்கு மேல தூங்குனது இது. மாமா ஒரு எஸ்டேட் பங்களாவுல வேலை பாத்தாரு, அங்க இருந்த துரை ஊருக்குக் கிளம்பும்போது குடுத்துட்டுப் போனது. மாமாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனா ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச அந்த ஹேண்டில் பாரப் பாத்தாலே அவருக்கு இடுப்பு வலிக்குமாம். நான் கேட்டப்போ, "எடுத்துட்டுப் போ மாப்ள, இரும்புக்கடையில கிலோ கணக்குலதான் எடுப்பான், எனக்கு மனசு வரல"ன்னாரு. 80-கள் நடுவுல வந்த ராலே கம்பெனி சைக்கிள். ஃப்ரேம் குழாய் என்ன இரும்புன்னு சொல்ற ரெனால்ட்ஸ் 501 ஸ்டிக்கர் பாதி உரிஞ்சிருக்கும். முன்னாடி 52 பல்லு, 42 பல்லுன்னு ரெண்டு செயின் வீல், பின்னாடி 6 பல் சக்கரம், ஆக மொத்தம் 12 கியர். செயின ஒரு பல் சக்கரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற பின் டிரெய்லர் சன்டூர் கம்பெனிது. லீவர் ரெண்டும் டவுன் ட்யூப்ல, கிளிக் எல்லாம் கிடையாது, நாமளே காதால கேட்டு, காலால உணர்ந்து, செயின் சரியா உக்காந்துச்சான்னு பாத்துக்கணும். இதுக்குப் பேரு ஃப்ரிக்ஷன் ஷிஃப்டிங்.

டவுன் ட்யூப் லீவர் மோசம்னு நான் சொல்ல வரலைங்க. 1990 வரைக்கும் உலகத்துல பெரிய பெரிய ரேஸ்காரங்க எல்லாம் இதுலதான் கியர் மாத்துனாங்க, ஆல்ப்ஸ் மலையே இதுலதான் ஏறுனாங்க. ஒயர் குட்டையா, நேரா போகும், அதனால லீவர்ல ஒரு நூல் அசைச்சா பின்னாடி ஒரு நூல் அசையும், எடையும் கம்மி, கெட்டுப்போறதுக்கு உள்ள ஒண்ணுமே கிடையாது. 1984 வாக்குல ஷிமானோ எஸ்ஐஎஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஒரு கிளிக்குக்கு ஒரு பல் சக்கரம், ஆனா அப்பவும் லீவர் இருந்தது டவுன் ட்யூப்லதான். 1990-ல அதே ஷிமானோ பிரேக் லீவருக்குள்ளயே கியர வெச்சு எஸ்டிஐ கொண்டு வந்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு கம்பனோலோ எர்கோபவர் கொண்டு வந்தாங்க, அதோட டவுன் ட்யூப் லீவர் காலம் முடிஞ்சுச்சு. என் வண்டி அந்த மாற்றத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பொறந்தது, அதான் பிரச்சனையே.

சமவெளியில ஓட்டுறவங்களுக்கு டவுன் ட்யூப்பே போதும். நம்ம ஊரு ரோடு வேற. கோத்தகிரிலேர்ந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், கீழ முன்னூறு மீட்டர் சொச்சம் உயரம், மேல ஆயிரத்து எண்ணூறு பக்கம். திரும்பி வரும்போது அடிவாரத்துல கொஞ்ச தூரம் சமதளம், அப்புறம் ஏத்தம் ஆரம்பிச்சா வீடு வரைக்கும் விடாது. இதுல மே மாசம் சீசன் வந்துச்சுன்னா ஏறுறதுக்கு குன்னூர் ரோடு, இறங்குறதுக்கு கோத்தகிரி ரோடுன்னு ஒருவழி ஆக்கிருவாங்க, சுற்றுலா வண்டி எல்லாம் நம்ம மூஞ்சிக்கு நேரா சர்ரு சர்ருன்னு இறங்கி வரும். அந்த நேரத்துல ஒரு கைய எடுத்துட்டு முட்டிப் பக்கம் துழாவிக்கிட்டு இருக்க முடியாது. ரோட்டுல குழி, ஓரத்துல மழைத்தண்ணி அறுத்த பள்ளம், வளைவுல மணல். ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கணும், அவ்வளவுதான் என் தேவை.

சரி, மொதல் தப்பு. ஆசை. நேரா ஆன்லைன்ல போய் ஷிமானோவோட டூர்னி எஸ்டிஐ லீவர் ஆர்டர் போட்டேன், 7 ஸ்பீடு, பிரேக்கும் கியரும் ஒண்ணா சேந்தது. அவங்க போடுற எஸ்டிஐ-ல இதுதான் விலை கம்மியானது, இருந்தாலும் என் வீட்டுக்காரம்மாகிட்ட பாதி விலைதான் சொன்னேன். பின்னாடி 6 பல்லுதானே இருக்கு, லீவர்ல 7 கிளிக் இருக்கு, ஒரு கிளிக் சும்மா கிடக்கட்டும்னு நெனச்சேன் பாருங்க, அதுதான் அறிவு.

மேட்டுப்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு சைக்கிள் கடை அண்ணன் இருக்காரு, அவர்கிட்ட கொண்டு போனேன். பொட்டியப் பிரிச்சு லீவர இப்படி அப்படித் திருப்பிப் பாத்துட்டு, "ஏனுங் தம்பி, வண்டி நம்ம அப்பாரு காலத்து வண்டி, லீவரு நேத்து வந்ததுங், ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை ஒத்து வருமாங்?"ன்னாரு. "மாட்டிப் பாத்துரலாங்ணா"ன்னேன். மாட்டுனோம். மொத கிளிக் ஓகே. ரெண்டாவது கிளிக் கரகர. மூணாவதுல செயின் எந்தப் பல்லுலயும் உக்காராம ரெண்டுக்கும் நடுவுல நின்னு அழுவுது.

காரணம் ரொம்ப சிம்பிள், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுத்து வெச்சு அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும். பழைய 6 ஸ்பீடு ஃப்ரீவீல்ல, அதாவது பின் பல் சக்கர அடுக்குல, பல் சக்கரத்துக்கும் பல் சக்கரத்துக்கும் இடைவெளி அஞ்சரை மில்லிமீட்டர் கிட்ட, 7 ஸ்பீடுல 5 மில்லி. ஒரு கிளிக்குக்கு அரை மில்லிதான் வித்தியாசம், ஆனா அது கூடிக்கிட்டே போகும், அஞ்சு கிளிக் போறதுக்குள்ள ரெண்டரை மில்லி தப்பு, அதாவது பாதிப் பல்லு. இது ஒண்ணு. இன்னொண்ணு, ஷிமானோ லீவர் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு ஒயர் இழுக்குமோ அந்த ஒயருக்கு ஷிமானோ டிரெய்லர் எவ்வளவு நகருமோ அதே அளவு சன்டூர் டிரெய்லரும் நகரும்னு எந்தச் சட்டமும் கிடையாது. கிளிக் லீவர், டிரெய்லர், ஃப்ரீவீல் மூணும் ஒரே குடும்பமா இருந்தாத்தான் அந்தக் கிளிக்குக்கு அர்த்தம்.

அதுல மூணாவது ஒரு கூத்து, அண்ணன் போட்டது பிரேக் அவுட்டர், அதாவது பிரேக் ஒயருக்கு மேல ஓடுற உறை. பிரேக் அவுட்டர் உள்ள கம்பி ஸ்பிரிங் மாதிரி சுத்தியிருக்கும், இழுக்கும்போது லேசா சுருங்கும், கிளிக் கியருக்கு அந்தச் சுருக்கமே போதும் குழப்ப. கிளிக் கியர் அவுட்டர்ல கம்பி நீளவாக்குல ஓடும், சுருங்காது. ஆனா ஒண்ணு, அந்தக் கியர் அவுட்டர எந்தக் காலத்துலயும் பிரேக்குக்குப் போட்ராதீங்க, பிரேக் புடிக்கிற அழுத்தத்துக்கு வாய் பிளந்து வெடிச்சிரும், நம்ம இறக்கத்துல அது நடந்தா வாய்க்கால் இல்ல, பள்ளத்தாக்கு.

ஆக எஸ்டிஐ வேலை செய்யணும்னா ஃப்ரீவீல், டிரெய்லர், செயின், அவுட்டர் எல்லாம் மாத்தணும். எட்டு, ஒன்பது பல் சக்கரம் இருக்குற புது மாதிரி அடுக்குக்கு, அதாவது கேசட்டுக்குப் போறதுன்னா பின் ஃபோர்க்கயே விரிக்கணும், ஏன்னா அந்தக் காலத்து 6 ஸ்பீடு வண்டிக்கு பின்னாடி இடைவெளி 126 மில்லி, 8 ஸ்பீடு ரோடு வீலுக்கு 130. இரும்பு ஃப்ரேம்ங்கறதால நாலு மில்லி விரிக்கலாம், பண்றவங்க இருக்காங்க, அலுமினியம்னா தொடவே கூடாது. எனக்கு துரை வண்டிய பட்டறையில வெச்சு விரிக்க மனசு வரல. லீவரக் கழட்டி பொட்டியில போட்டு மூடுனேன். வீட்டுல அதப் பத்தி யாரும் கேக்கல, கேக்காததுதான் பயமா இருந்துச்சு.

அடுத்தது ஸ்டெம் லீவர். ஹேண்டிலத் தாங்குற அந்தக் கழுத்துல, நடுவுல ரெண்டு காது மாதிரி நிக்கும். 70-கள்ல அமெரிக்காவுல எல்லாரும் திடீர்னு சைக்கிள் வாங்குன காலத்துல, புதுசா ஓட்டுறவங்க குனிய பயப்படுறாங்கன்னு போட்டு வித்தது. பழைய ஜோடி ஒண்ணு கோயமுத்தூர்ல கெடச்சுது, 22.2 மில்லி ஸ்டெம்முக்கு அப்படியே உக்காந்துச்சு, ரெண்டு வாரம் ஓட்டுனேன். சீட்டுலேர்ந்து எந்திரிச்சு நின்னு மிதிச்சா முட்டி போய் லீவர்ல இடிக்குது, அதுவும் அரவேனு பக்கம் நின்னு மிதிக்காம எப்படி ஏறுறது. விழுந்தா அது எங்க குத்தும்னு யோசிச்சேன், அன்னைக்கே கழட்டிட்டேன்.

பழைய எம்டிபி-ல, அதாவது மலை சைக்கிள்ல வர்ற தம்ப் ஷிஃப்டர் போடலாமேன்னு ஒரு ஃப்ரெண்டு சொன்னான். நல்ல யோசனைதான், மலையில ஏறும்போது கை மேல் பார்லதானே இருக்கும், கட்டைவிரல் பக்கத்துலயே லீவர் இருந்தா சொர்க்கம். ஆனா அந்தக் கிளாம்ப் எல்லாம் 22.2 மில்லி நேர் ஹேண்டிலுக்குச் செஞ்சது, ஆட்டுக்கொம்பு பார் 23.8, நடுப்பகுதி அதுக்கும் மேல பருமன். வளைஞ்ச பார்ல அத நகத்தி மேல கொண்டு வரவும் முடியாது. கிளாம்ப ராவி மாட்டுறவங்க இருக்காங்க. எனக்கு ராவுற வேலைன்னாலே பல்லு கூசும்.

மிச்சம் இருந்தது பார் எண்ட் லீவர். ஹேண்டில் பாரோட ரெண்டு முனையிலயும் கட்டை மாதிரி ஒரு மூடி இருக்கும்ல, அத எடுத்துட்டு அந்த ஓட்டைக்குள்ள சொருகுறது. லீவர் பின்பக்கமா, நம்மள நோக்கி நீட்டிட்டு நிக்கும். கீழ அழுத்துனா ஒயர் இழுபடும், செயின் பெரிய பல்லுக்கு ஏறும், ஏத்தத்துக்கு லேசான கியர். மேல தூக்குனா செயின் சின்னப் பல்லுக்கு இறங்கும். சைக்கிள்ல உலகம் சுத்துறவங்க இன்னைக்கு வரைக்கும் இதத்தான் விரும்புறாங்க. ஷிமானோ, மைக்ரோஷிஃப்ட், டயா கோம்பே எல்லாம் போட்டிருக்காங்க, ஷிமானோவுல 9 ஸ்பீடு வரைக்கும் வந்ததுல ஒரு வசதி, வலது லீவர கிளிக் மோடுலயும் வெச்சுக்கலாம், திருப்பி விட்டா ஃப்ரிக்ஷன் மோடுக்கும் போயிரும். கிளிக் ஒத்துவரலன்னா நடுரோட்டுல நிக்க வேண்டாம்.

ஆனா நான் எடுத்தது பழைய சன்டூர் ராட்செட் பார் எண்ட். ஏன்னு சொல்றேன். சாதா ஃப்ரிக்ஷன் லீவர்ல, டிரெய்லர்ல இருக்குற ஸ்பிரிங் எப்பவும் ஒயரத் தன் பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும், அதத் தடுத்து நிறுத்துறது லீவர்ல இருக்குற ஸ்குருவோட இறுக்கம் மட்டும்தான். லூசா வெச்சா லீவர் தானா நழுவி, ஏத்தத்துல பாதி மிதிக்கும்போது கியர் கடினமாயிரும். டைட்டா வெச்சா அழுத்தும்போது ஸ்பிரிங்கோடயும் சண்ட போடணும், இறுக்கத்தோடயும் சண்ட போடணும். சன்டூர்காரங்க உள்ள பொடிப்பொடியா பல்லு வெச்ச ஒரு ராட்செட் வெச்சாங்க. கெணத்துல தண்ணி இறைக்கிறது ஞாபகம் இருக்கா, இழுக்கும்போது வாளிக் கனம் மட்டும் கைக்குத் தெரியணும், கைய விட்டா வாளி கீழ ஓடிரக் கூடாது, அப்படி ஒரு உருளை இருந்தா எப்படி இருக்கும், அதுதான் இது. இழுக்குற பக்கம் இறுக்கம் தெரியாது, கிர்ர்னு மெல்லிசா ஒரு சத்தத்தோட லேசா வரும், விடுற பக்கம் இறுக்கம் புடிச்சு நிறுத்தும். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச லீவர், உள்ள கொஞ்சம் கிரீஸ் மாத்துனேன், புதுசு மாதிரி கிர்ர்ங்குது.

இந்த சன்டூர்காரங்கதான் 1964-ல சாய்வான டிரெய்லரக் கண்டுபுடிச்சவங்க, அதாவது டிரெய்லர் பக்கவாட்டுல நகரும்போதே பல் சக்கரத்தோட சரிவுக்கு ஏத்த மாதிரி கீழயும் இறங்கும். 1984-ல அந்த பேட்டன்ட் முடிஞ்ச கையோட ஷிமானோ அத எடுத்து தன் கிளிக் கியருக்குப் போட்டுக்கிட்டு எங்கயோ போயிட்டாங்க, சன்டூர் கரைஞ்சு போச்சு. பாவம்னு தோணும் எனக்கு, ஒவ்வொரு தடவ அந்த கிர்ர் கேக்கும்போதும்.

இப்ப இதுல எனக்கு ஒரு தயக்கம் இருந்துச்சு. ஏத்தத்துல என் கை மேல் பார்ல, ஸ்டெம்முக்கு ரெண்டு பக்கமும் இருக்கும், பார் எண்ட் லீவர் இருக்குறது கீழ் முனையில. அப்போ டவுன் ட்யூப்புக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம், ரெண்டுக்கும் கைய நகத்தணும்தானே? ஓட்டிப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது. டவுன் ட்யூப்புக்குக் கை போகும்போது தோளும் தலையும் கூடவே இறங்குது, கண்ணு ரோட்டுலேர்ந்து போயிருது, முட்டி மேல வரும்போது அதுல இடிக்காம நேரம் பாத்து கைய விடணும். பார் எண்டுக்குக் கை பின்னாடி சறுக்குனா போதும், போற இடத்துலயும் ஹேண்டில்தான் இருக்கு, உள்ளங்கை பாரப் புடிச்சிருக்கும்போதே சுண்டுவிரலும் கை ஓரமும் லீவர அழுத்திரும். கண்ணு ரோட்டுலயே. அந்த யானை நாள்ல இது இருந்திருந்தா பாட்டிக்குப் பொழுது போயிருக்காது.

அப்புறம் ஒரு நாள் சும்மா எண்ணிப் பாத்தேன். காலையில மேட்டுப்பாளையம் இறங்கி, டிபன் சாப்புட்டு, திரும்ப ஏறி வர்ற வரைக்கும் எந்தக் கை லீவர எத்தன தடவ தொடுதுன்னு. வலது லீவர் நூறைத் தாண்டுனப்புறம் எண்ணுறத விட்டுட்டேன். இடது, அதாவது முன் செயின் வீல் மாத்துறது, மொத்தமே அஞ்சு தடவ. ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ 42-க்கு வந்தா வீடு வரைக்கும் அதேதான், அதுவும் அவசரமே இல்லாம, வண்டிய நிதானத்துல வெச்சுக்கிட்டு மாத்துறது. அஞ்சு தடவைக்காக எதுக்கு இடது பக்கமும் ஒரு லீவர், அதுக்கு முழம் முழமா ஒயரு? 90-கள் கடைசியில பான்டானி, ஆர்ம்ஸ்ட்ராங் மாதிரி ரேஸ்காரங்க எல்லாம் மலை ஸ்டேஜுல வலது கைக்கு மட்டும் பிரேக்கோட சேந்த கியர் லீவர் வெச்சுக்கிட்டு இடது லீவர டவுன் ட்யூப்லயே விட்டாங்க. அவங்களுக்கு எடை குறையணும். எனக்கு எடை பிரச்சனை வண்டியில இல்ல, அது வேற இடத்துல இருக்கு, ஆனா கணக்கு ஒண்ணுதான். அதனால வலது லீவர் ஹேண்டில் முனையில, இடது லீவர் துரை விட்ட எடத்துலயே டவுன் ட்யூப்ல. பாக்க ஒத்தக் கம்மல் போட்ட மாதிரி இருக்கும்.

மாட்டுனது ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்டுத் திண்ணையில. ஒரு நாள் முழுக்க ஆச்சு. பார் எண்ட் மாட்டுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மொதல்ல லீவரக் கழட்டணும், அப்பத்தான் உள்ள இருக்குற ஆலன் போல்ட் கண்ணுக்குத் தெரியும். அந்த போல்ட்ட முறுக்குனா உள்ள இருக்குற கட்டை விரிஞ்சு பார் உள்பக்கத்தக் கவ்விக்கும். என்னோடதுல அது இடப்பக்கமா முறுக்குனாத்தான் இறுகுது, நான் வழக்கம் போல வலப்பக்கமா முறுக்கோ முறுக்குன்னு முறுக்கி, என்னடா இது ஆடிக்கிட்டே இருக்குன்னு அரைமணி நேரம் வேஸ்ட். அப்புறம் ஒயர். கடையில குடுத்த கியர் ஒயர் சின்னப் பசங்க சைக்கிளுக்கு உண்டானது, ஹேண்டில் முனையிலேர்ந்து டேப்புக்கு அடியில ஓடி, டவுன் ட்யூப் இறங்கி, பின் சக்கரம் வரைக்கும் போய்ச் சேர ஒரு சாண் பத்தல. நீள ஒயர் வர நாலு நாள். அதுக்கும் மேல, அவுட்டர வெட்டுறதுக்கு எங்கிட்ட கட்டர் இல்ல, அப்பாவோட பழைய உளிய எடுத்து கல்லு மேல வெச்சு ஒரே போடு. வெட்டுச்சு, ஆனா வாய் நசுங்கிருச்சு, கோணி ஊசிய விட்டு நெம்பி வட்டமாக்கி, அரத்துல ரெண்டு தேய் தேச்சு முனைய சமமாக்குனேன். அந்த முனை கோணலா இருந்தா ஒயர் உள்ள உரசி உரசியே கியர் கனமாயிரும், இது கண்ணுக்குத் தெரியாத எடம், யாரும் கவனிக்க மாட்டாங்க. இன்னர் ஒயர் முனை பிரிஞ்சு ஒரு இழை கட்டைவிரல்ல ஏறுனது தனிக்கதை. இப்ப முனையில ஒரு பொட்டு ஈயம் வெச்சு பத்த வெச்சிட்டேன்.

டவுன் ட்யூப்ல வலது லீவர் இருந்த குமிழு காலியா இருக்கும்ல, அதுல ஒயர் ஸ்டாப்புன்னு ஒரு சின்னத் துண்டு மாட்டணும், அவுட்டர் அங்க வந்து முடிஞ்சு இன்னர் மட்டும் கீழ போகும். இது தனியா விக்குது, லீவர் வாங்கும்போதே சேத்து வாங்கிருங்க. அவுட்டர டேப்புலேர்ந்து எங்க வெளிய எடுக்குறோம்ங்கறதும் முக்கியம், ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாத்து, எங்கயும் இழுக்காம ஒரு நல்ல வளைவு கெடைக்குற மாதிரி விடணும். நம்ம கொண்டை ஊசி வளைவுல ஹேண்டில் எவ்வளவு திரும்பும்னு நமக்குத்தானே தெரியும்.

வலது லீவரோட சேத்து பின் பல்லையும் மாத்திட்டேன், என் முட்டிக்காக. பழைய ஃப்ரீவீல்ல பெரிய சக்கரத்துக்கு 28 பல்லு, முன்னாடி 42 வெச்சு மிதிச்சா ஒரு சுத்துக்கு வண்டி மூணு மீட்டருக்கு மேல போகும், நாப்பது வயசுக்கு அது பேராசை. இப்ப 14-லேர்ந்து 34 வரைக்கும் இருக்குற 7 ஸ்பீடு ஃப்ரீவீல், அதே 126 இடைவெளியில உக்காந்துச்சு, சுத்துக்கு ரெண்டரை மீட்டர் சொச்சம்தான். பழைய ஃப்ரீவீலக் கழட்டுறதுக்குள்ள அண்ணனுக்கு வேர்த்துப் போச்சு, சன்டூர் ஃப்ரீவீல்ல ரெண்டே ரெண்டு காடி, அதுக்குன்னு தனி டூல், அது யாருகிட்டயும் இல்ல, ஒரு இரும்புத் துண்ட அரம் போட்டு ராவி அவரே செஞ்சாரு. "இத இனி யாருக்குங் தம்பி உபயோகம், நீங்களே வெச்சுக்கங்"ன்னு கையில குடுத்துட்டாரு. 34 பல்லுக்கு பழைய குட்டை டிரெய்லர் எட்டாதுங்கறதால நீளக் கூண்டு வெச்ச சாதா ஷிமானோ டிரெய்லர். ஃப்ரிக்ஷன்ல இருக்குற சுகமே இதுதான், எந்தக் கம்பெனி டிரெய்லர், எத்தன பல்லுன்னு லீவருக்குக் கவலையே இல்ல, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒயர இழு, ஒயர விடு.

இப்ப நீங்க கேக்கலாம், 7 பல்லு வந்தாச்சு, ஷிமானோ டிரெய்லரும் வந்தாச்சு, அப்போ அந்த எஸ்டிஐ இப்ப வேலை செய்யுமேன்னு. செய்யும். நானும் ராத்திரி படுத்துக்கிட்டு இதயேதான் யோசிச்சேன். ஆனா நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை கோத்தகிரி, குன்னூரப் போட்டு நனைக்கும், அவுட்டருக்குள்ள தண்ணி இறங்கி ஒயர் துருப்புடிக்கும், கிளிக் கொஞ்சம் தப்புனா மொத்த கியரும் கரகரன்னு ஆயிரும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மிஸ்ட் இறங்குற நேரத்துல ரோட்டோரமா உக்காந்து யாரு அத சரி பண்றது. ஃப்ரிக்ஷன்ல கை தானா ஒரு நூல் கூட தள்ளிக்கும், நமக்கே தெரியாது.

அதவிட பெரிய காரணம் மார்கழி. போன மார்கழியில ஒரு நாள் விடியக்காலையில கட்டபெட்டு வழியா ஊட்டிக்குப் போனேன், தேயிலை மேல எல்லாம் வெள்ளையா உறைபனி, ரெண்டு கிளவுஸ் ஒண்ணு மேல ஒண்ணு போட்டும் விரலு மரத்துப் போச்சு, பிரேக் லீவர்ல விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. அந்த நேரத்துல சின்ன பட்டன விரலால தேடி அழுத்துறதெல்லாம் நடக்காத காரியம். பார் எண்ட் லீவர உள்ளங்கை ஓரத்தால, கதவத் தள்ளுற மாதிரி ஒரு தள்ளு. கிர்ர். செயின் ஏறிருச்சு. நான் இந்த லீவர மனசாரப் புடிச்சது அன்னைக்குத்தான்.

குறையும் இருக்கு. டீக்கடையில வண்டிய சுவத்துல சாய்க்கும்போது லீவர் சுவத்துல முட்டி தானா நகந்துரும், டீயும் வறுக்கியும் சாப்புட்டுட்டு வந்து ஏத்தத்துல மொத மிதி மிதிச்சா கடக்கடக்குன்னு செயின் எங்கயோ தாவும், டீ குடிச்ச சுகமெல்லாம் போயிரும். இப்ப இடது பக்கமா சாய்ச்சுப் பழகிட்டேன். அப்புறம் ரொம்ப நெருக்கமா வளைவுல திரும்பும்போது வலது முட்டி லீவர்ல லேசா தட்டும், கால் நீளமானவங்க கவனிச்சுக்கங்க. மாமா வந்து பாத்துட்டு, "என்ன மாப்ள, ஒண்ணு மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு, காசு பத்தலயா?"ன்னு கேட்டாரு. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கன்னேன். இடுப்பு வலின்னுட்டாரு.

எஸ்டிஐ ஜோடி பொட்டியோட அப்படியே இருக்கு, குன்னூர் ஊட்டிப் பக்கம் யாருகிட்டயாவது 7 ஸ்பீடு ஷிமானோ செட்டு இருந்தா சொல்லுங்க, நியாயமான விலைக்குத் தர்றேன், வீட்டுல சொன்ன விலைக்கே தர்றேன். பார் எண்டு ஜோடியாத்தான் விக்குறாங்கங்கறதால இடது லீவர் ஒண்ணு மிச்சம், அதத் தர மாட்டேன், அது இப்ப என் பொண்ணோட படிக்கிற மேசை மேல இருக்கு, கணக்கு வரலன்னா எடுத்து கிர்ர் கிர்ர்னு திருப்பிக்கிட்டு இருக்கா.